ஒதுங்கு, கூடை வருது

பட்டினப்பாக்கம்
22 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி செந்திலுக்கு,

கடல் உன்னை ஏற்றுக்கொண்டதா? வாந்தி நின்றதா? சமையல் வேலைக்குப் போனவனே வாந்தி எடுத்தால் கப்பலில் யார் சாப்பிடுவார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கடையில் மீனை விற்று முடித்த கையோடு என்னையும் ஒரு சுற்று திட்டிவிட்டுத்தான் டீ குடிக்கிறாள். என் வீட்டுக்காரர் சைதாப்பேட்டை ஷெட்டில் நாளெல்லாம் பைக்குக்கு அடியில் கிடக்கிறார். பாப்பா தமிழ்நிலாவுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது. சளி பிடித்திருக்கிறது. அவள் மூச்சு சத்தத்தைக் கவனித்துக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கப்பல் மெயிலில் எழுத்து மட்டும்தான் வரும், பாட்டும் படமும் வராது என்றாய். அதனால்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். விஷயம் இதுதான்: நம்ம பாட்டை நானே வெளியிடப் போகிறேன்.

எந்தப் பாட்டு என்று கேட்கமாட்டாய். ஆகஸ்டில், பதிவில் எதிரொலி விழாமலிருக்க, என் தோழி மஹ்விஷ் வீட்டுத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் பாட, வெளியே உட்கார்ந்து நீ டேப் மேளம் அடித்தாயே, அதுதான். கூடையோடு பஸ் ஏறும் அம்மாவைப் பற்றி நான் எழுதிய கானா.

ஒதுங்கு ஒதுங்கு, கூடை வருது
ஓரமா நில்லு, தண்ணி சொட்டும்
மூக்கப் பொத்தாத சாரு, உன்
மத்தியானக் கொழம்பு இங்க கீது!

தி.நகரில் கானா சேனல் நடத்தும் சுப்புராயனிடம் ஜூனில் இதைப் பாடிக் காட்டினேன். "பொம்பள கொரலு கானாவுக்கு எடுபடாதும்மா. பாட்ட குடு, பையன் எவனாவது பாடட்டும்" என்றார். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். நீயும் கூடத்தான் இருந்தாய்.

இப்போது எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டுகளை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கு வாரம் முன்னாடியே ஏற்றிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியிடுவதுதான் வழக்கமாம். முதல் பதினைந்து நொடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் உன் அடியை முன்னால் வைத்திருக்கிறேன். தேதி நவம்பர் 15. அட்டைப்படம் மஹ்விஷ் போடுகிறாள். 'தாளம்: செந்தில்குமார்' என்று போடட்டுமா, உன் செல்லப்பேரைப் போடட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத்தரையில் ஓடாதே.

எப்போதும் உன்னைத் துரத்தி எழுதும் அக்கா,
அன்புக்கரசி


கப்பலிலிருந்து
3 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வாந்தி நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு உரிக்கிறேன். பெரிய சமையல்காரர் கோவாக்காரர், நல்ல மனுஷன், ஆனால் மீன் குழம்பில் தேங்காய்ப் பாலை ஊற்றிக் கெடுக்கிறார். அம்மாவிடம் இதைச் சொல்லாதே, கப்பலுக்கே வந்துவிடுவாள். பாப்பாவுக்குச் சளி எப்படி இருக்கிறது? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பாட்டு விஷயம். முதல் பாட்டாக இது வேண்டாம் என்று தோன்றுகிறது. பாப்பாவைத் தூங்கவைக்க ஒன்று பாடுவாயே, அது நன்றாக இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். அதை முதலில் போடு. என் பேர் எதிலும் போட வேண்டாம்.

இங்கே இரண்டு நாளாக மழை.

தம்பி,
செந்தில்


பட்டினப்பாக்கம்
14 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. பாப்பாவுக்கு நான்கு நாள் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. இப்போது தேவலை. பிஸ்கட் கேட்டு அழுகிறாள், அந்த அழுகை காதுக்கு இனிமையாக இருக்கிறது. இங்கே மற்றவர்கள் நலம்.

தாலாட்டுப் போடச் சொல்கிறாயே, நல்ல ஆள் நீ. பிள்ளை பெற்றவள் தாலாட்டுத்தான் பாட வேண்டுமா? நீ எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இன்னாத்துக்கு? தூங்கறவனுக்குப் பாட்டு எதுக்கு? முழிச்சிக்கினு கீறவனுக்குப் பாடு!" என்றாள். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

நேற்று ஏற்றிவிட்டேன். எழுதியவர், பாடியவர், மெட்டமைத்தவர் என்று கட்டம் கட்டமாகக் கேட்டார்கள். மூன்றிலும் அன்புக்கரசி, அன்புக்கரசி, அன்புக்கரசி என்று அடித்தேன். நான்காவது கட்டத்தில் நீ வேண்டாம் என்றாலும் உன் பேர்தான். அடித்தது நீதானே, அப்புறம் ஏன் ஒளிகிறாய்?

மஹ்விஷ் வரைந்த படம் அருமை. பஸ் படிக்கட்டு, ஒரு கூடை, கூடையைப் பிடித்த கை. முகம் இல்லை. "முகத்த அவங்களே நெனச்சிக்கட்டும்டி" என்கிறாள்.

எல்லாவற்றுக்கும் பயமாகத்தான் இருக்கிறது. யாரும் கேட்காவிட்டால்? எல்லோரும் கேட்டுச் சிரித்தால்? பயந்துகொண்டேதான் செய்கிறேன். பயம் போன பிறகு செய்யலாம் என்று இருந்தால் எனக்கு அறுபது வயதாகிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
அன்பு


கப்பலிலிருந்து
16 அக்டோபர் 2024

அக்கா,

நலம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது சந்தோஷம்.

தேதியைத் தள்ளிப் போட முடியுமா? தை மாதத்துக்கு அப்புறம் வை. நான் வந்துவிடுவேன், சேர்ந்து செய்யலாம். ஏற்றியதைத் திரும்ப எடுக்க வழி இருக்கும், மஹ்விஷ் அக்காவைக் கேள். உடனே கேள்.

செந்தில்


பட்டினப்பாக்கம்
29 அக்டோபர் 2024

தம்பி செந்திலுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்தை வழக்கம்போலக் கேட்டுக்கொள்கிறேன்.

பதினோரு நாள் வாய் திறக்காமல் இருப்பவன் நீ. போன கடிதத்துக்கு மட்டும் இரண்டே நாளில் பதில் போட்டாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதே பதிவு ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருக்கிறதாம். யார் என்று விசாரித்தால் சுப்புராயன். பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, மஹ்விஷை அழைத்துக்கொண்டு தி.நகர் போனேன். தீபாவளிக் கூட்டத்தில் நீந்தித்தான் அந்தப் படிக்கட்டைப் பிடிக்க முடிந்தது.

"வாம்மா. பாட்டு என்னுது, நீ எப்படி ஏத்துன?" என்று அவரே ஆரம்பித்தார்.

"நான் எழுதினது சார். எங்க அம்மாவப் பத்தி."

"அம்மாவப் பத்தி ஆயிரம் பேர் எழுதுவாங்க. பேப்பர் பேசும்மா, பேப்பர்."

மூன்று பக்கத் தாளை எடுத்துப் போட்டார். வரி, மெட்டு, தாளம் மூன்றும் தன்னுடையவை என்றும், எல்லா உரிமையையும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டதாகவும் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 19. நீ கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால். மூன்று பக்கத்திலும் உன் கையெழுத்து.

"எங்க அக்காதான் எழுதுச்சுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலையா சார்?" என்று கேட்டேன்.

"நான் கேக்கல, அவன் சொல்லல" என்று சிரித்தார்.

மஹ்விஷ் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். இல்லாவிட்டால் அவர் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டில் அவர் தலையில் இருந்திருக்கும்.

ஏன் செந்தில்? இந்த ஒரு கேள்விதான். உருளைக்கிழங்கு, மழை, கோவாக்காரர் எதுவும் எழுதாதே. இதற்கு மட்டும் பதில் எழுது.

அன்புக்கரசி


பட்டினப்பாக்கம்
18 நவம்பர் 2024

செந்திலுக்கு,

நலமா என்று கேட்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் கரையில் இறங்கி அம்மாவுக்குப் போன் பண்ணிப் பத்து நிமிஷம் பேசியிருக்கிறாய். என் நம்பர் உன்னிடம் இல்லை போலிருக்கிறது. "அவன் கொரலு ஒரு மாதிரி கீதுடி" என்று அம்மா சொன்னாள். நான் காரணம் சொல்லவில்லை. அப்போது சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி வந்தது, போனது. என் பாட்டு வரவில்லை. சுப்புராயனின் விளம்பரம் வந்தது. காணும் பொங்கலுக்கு வெளியிடுகிறாராம். யாரோ ஒரு பையன் பாடுகிறான். புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்த ஒரு ஆண் கூடையோடு பஸ்ஸில் தள்ளாடுகிறான். வரியை மாற்றியிருக்கிறார்கள். நீயே படி:

மூக்கப் பொத்திக்கோ சாரு, இந்தப்
பொம்பள வந்தா ஊரே நாறு!

உன் அடிதான் பின்னால் ஓடுகிறது. என் குரலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கடை பொம்பளையின் போனில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். மீதமிருந்த சங்கராவை எல்லாம் வெட்டி முடித்தாள். கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். முப்பது வருஷத்தில் அம்மா தன் கையை முகர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், உன் கையெழுத்து உட்பட. "நீ எப்டி எழுதின, அத பாடு" என்றாள். கடையிலேயே பாடினேன். கூச்சத்தில் முதல் வரியைத் தரையைப் பார்த்துக்கொண்டே பாடினேன். இரண்டாவது வரிக்கு அம்மா கத்தியின் பின்பக்கத்தால் மரக்கட்டையில் தட்ட ஆரம்பித்தாள். பக்கத்துக் கடைக்காரி ஐஸ் பெட்டியைத் தட்டினாள். அதற்கு அடுத்தவள் செதில் சுரண்டுவதை நிறுத்தவே இல்லை, சர்ர் சர்ர் என்று அது ஒரு தாளம். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் கூடக் குரல் கொடுத்தார்கள்.

மஹ்விஷ் மறுநாளே வந்து, போனின் மைக்கில் பாப்பாவின் காலுறையை மாட்டிப் பதிவு செய்தாள். காற்று, பஸ் ஹாரன், நடுவில் தமிழ்நிலா "மீனு!" என்று கத்துவது எல்லாம் இருக்கிறது. எதையும் வெட்டப் போவதில்லை.

உன் அடி இனி எனக்குத் தேவைப்படாது.

அன்புக்கரசி


கப்பலிலிருந்து
1 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

புயல் என்று இங்கே செய்தி சொன்னார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? பாப்பாவை மேல்மாடியில் வைத்துக்கொண்டீர்களா? இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் சுப்புராயனுடைய மச்சான். ஜூனில் நாம் படி இறங்கினோமே, நீ ஆட்டோ பிடிக்கப் போனபோது என்னை மேலே கூப்பிட்டார். டிப்ளமா முடித்து ரெண்டு வருஷமாக வேலை இல்லை என்பதை என் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். "உங்க அக்கா பாட்ட குடுத்தா உனக்கு வேலை" என்றார். நம்ம பக்கத்தில் பாட்டு கேட்டால் கொடுப்பதுதானே வழக்கம்? சாவு வீட்டில் ஒருத்தன் கட்டியதை அடுத்த சாவில் இன்னொருத்தன் பாடுவான். யாரும் பேர் கேட்டதில்லை. அப்படித்தான் நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்ததாகச் சொல்லிக்கொண்டேன். நம்ம பதிவைக் கொடுத்து, கையெழுத்தும் போட்டேன். தாளை நான் படிக்கவில்லை. படித்தால் போட முடியாது என்று தெரிந்துதான் படிக்கவில்லை.

வரியை மாற்றுவார்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

அக்கா, ஒன்று கேட்கிறேன். நீ இப்போது போட்டால் அந்த ஏஜென்ட் என்னை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடுவான். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. அதுவரை பொறுத்துக்கொள். மார்ச்சுக்கு அப்புறம் நீ என்ன செய்தாலும் நான் கூட நிற்கிறேன்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

செந்தில்


பட்டினப்பாக்கம்
9 டிசம்பர் 2024

செந்திலுக்கு,

வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மாடிப்படி வரை வந்து திரும்பிவிட்டது. பாப்பா நலம், அம்மா நலம். கேட்க உரிமை இருக்கிறதா என்று இனிமேல் எழுதாதே, எரிச்சலாக இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ரெண்டு வருஷம் நீ வேலை தேடி அலைந்தது எனக்குத் தெரியாததா? என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்த வாய்ப்பையும் நீ எனக்குத் தரவில்லை.

பொறுக்கச் சொல்கிறாய். மார்ச் வரை பொறுத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஜனவரி 16 அன்று ஊர் முழுக்க அந்தப் பாட்டு ஓடும். அதற்கு அப்புறம் அம்மா கூடையோடு பஸ் ஏறினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வரியைப் பாடுவார்கள். என் பாட்டு பின்னால் வந்தால், "அந்த மீன்காரி பாட்டத் திருடிட்டா" என்பார்கள். பாட்டு எப்படி ஓடுகிறது என்று இத்தனை மாதம் படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். முதலில் காதில் விழுந்ததுதான் அசல். எனவே அவருக்கு முந்தி வரப் போகிறேன். ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. இன்று காலை ஏற்றியாகிவிட்டது.

புதுப் பதிவு என்பதால் தடுக்கவில்லை. ஆனால் சுப்புராயன் ஆட்சேபித்தால், எழுதியது யார் என்று கேட்பார்கள். மஹ்விஷின் கணவர் ஜைத் சைதாப்பேட்டை கோர்ட்டில் வக்கீல். அவர் சொன்னார்: "உங்க தம்பி ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். வரியும் மெட்டும் என்னுது இல்ல, அக்காவோடதுன்னு. இல்லாதத அவர் எப்படிக் குடுக்க முடியும்? அந்தப் பேப்பர் தானா சாஞ்சிடும்."

அதைக் கேட்கிறேன். அனுப்பினால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே கேட்கிறேன். பிள்ளை பெற்றவள், நல்லவள், விட்டுக்கொடுப்பாள் என்று உன் கணக்கு. என் பெண் பெரியவளாகி, பாட்டி ஏன் கையை முகர்ந்து பார்க்கிறாள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நீ அனுப்பாவிட்டாலும் பத்தாம் தேதி பாட்டு வரும். கோர்ட்டுக்கு இழுத்தால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நீதிபதி முன்னால் பாடிக் காட்டுவேன்.

குளிர்காற்றில் நிற்காதே. கோபம் வேறு, உன் நெஞ்சுச் சளி வேறு.

அன்புக்கரசி


கப்பலிலிருந்து
2 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். பிறகு கேப்டனிடம் போய், ஒரே ஒரு தடவை மெயிலில் ஒரு பக்கத்தைப் படமாக அனுப்ப அனுமதி கேட்டேன். எதற்கு என்றார். "என் அக்காவுடைய பாட்டை என்னுடையது என்று சொல்லிவிட்டேன் சார்" என்றேன். சரி என்றார்.

இணைத்திருக்கிறேன். ஜைத் அண்ணன் சொன்னபடியே எழுதினேன். கடைசி வரி மட்டும் நானாகச் சேர்த்தது. வக்கீலுக்கு வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம்.

இதன் நகலை ஏஜென்டுக்கும் நானே அனுப்பிவிட்டேன். அடுத்தவர் சொல்லி அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று தோன்றியது.

என்னை மன்னித்தாயா? எழுது.

தம்பி,
செந்தில்


பட்டினப்பாக்கம்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி செந்திலுக்கு,

நலம், நலம், நலம். பாப்பாவுக்கு இருமல், அம்மாவுக்கு முழங்கால், எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இருந்தாலும் நலம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாட்டு வந்துவிட்டது. பத்து முறை போனைத் திறந்து பார்த்தேன். என் பேர் இருந்தது. அதற்குக் கீழே, 'தாளம்: பட்டினப்பாக்கம் மீன்கடைப் பெண்கள்'. ஒவ்வொருத்தி பேரும் தனித்தனியாக. செண்பகம் என்ற தன் பேரை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

விளம்பரத்துக்கு யாரிடமும் போகவில்லை. கடைதோறும் போனில் பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கட்டம் ஒட்டியிருப்பார்களே, அதற்குப் பக்கத்திலேயே பாட்டுக்கான கட்டத்தை ஒட்டினோம். பெரிய தப்பு! நெத்திலி வாங்கிய ஒரு மாமா காசு அனுப்புவதாக நினைத்துப் பாட்டுக் கட்டத்தை ஸ்கேன் செய்துவிட்டார். போனிலிருந்து "ஒதுங்கு ஒதுங்கு" என்று என் குரல் கிளம்பியதும் அவர் பயந்துபோய் இரண்டடி ஒதுங்கினார். "முழுசா கேளு நைனா, அப்பால காசு குடு" என்று அம்மா அவரை விடவில்லை. அன்றைக்கே இருபது பேர் அதே தப்பைச் செய்தார்கள். கட்டத்தை இடம் மாற்றலாம் என்றேன். கடைக்காரிகள் மாற்ற விடவில்லை.

நேற்று சுப்புராயன் போன் பண்ணினார். "இன்னாம்மா, எவ்ளோ பேர் கேட்டுக்கீறாங்க? ஆயிரம் தேறுமா?" என்றார். "தொள்ளாயிரத்து எழுபது சார். நீங்க கேட்டா எழுபத்தொண்ணு" என்றேன். ஆட்சேபணை போட்டிருந்தார். உன் பக்கத்தை ஜைத் அனுப்பினார். இன்று மாலை சுப்புராயனின் விளம்பரம்தான் காணாமல் போயிருக்கிறது.

நீ சேர்த்த கடைசி வரியை ஜைத் வெட்டவில்லை. "சட்டத்துக்குத் தேவையில்ல, ஆனா இருக்கட்டும்" என்றார். 'இது எங்கள் அம்மாவைப் பற்றிய பாட்டு, என் அம்மா நாற மாட்டாள்' என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் மொதல்ல குளிக்கறானான்னு கேளு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வர நேரமாயிற்று.

கொழும்பில் 19ஆம் தேதி உன்னை இறக்கிவிடப் போவதாக ஏஜென்ட் ஆபீஸிலிருந்து வீட்டுக்குச் சொன்னார்கள். நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. தெரிந்தே எழுதாமல் விட்டாய் என்று புரிகிறது.

மன்னித்தாயா என்று கேட்டிருந்தாய். இல்லை. வேண்டுமென்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கவில்லை, இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வரும்போது சொல்கிறேன். அதுவரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடமாடாதே, எனக்குப் பிடிக்காது. அடுத்த பாட்டு பாதி எழுதியிருக்கிறேன். அதில் வாசிக்க வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல நீயும் கடைக்கு வந்து, அம்மா முன்னால் தட்டிக் காட்டு. தேறினால் பார்க்கலாம். அம்மா யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். பாப்பாவும் வருவாள். முதல் அரைமணி நேரம் உன்னோடு பேசமாட்டேன். ஆட்டோ அடையாறு பாலம் தாண்டியதும் திட்ட ஆரம்பிப்பேன். வீட்டில் சோறு இருக்கும்.

உன் அக்கா,
அன்புக்கரசி